வயது அல்ல, காகிதம்தான் தடை

சுரங்கம் மூடியபோது படிப்பை விட்ட கோலார் தங்கவயல் தலைமுறை, நாற்பதைத் தாண்டிய பின் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறது. சட்டம் அவர்களின் வயதைக் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் வேறு.

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பொழுது விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆண்களும் பெண்களும் பெங்களூர் ரயிலில் இடம் பிடிக்கிறார்கள். வண்டி பங்காருப்பேட்டை தாண்டும்போது பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். இருட்டிய பிறகு அதே தூரம் திரும்பி வர வேண்டும்.

அண்மையில் ஒரு நாள் அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் தூங்கவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டு, ஆதார் அட்டையின் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் இரண்டு. மகளுக்குக் கல்லூரியில் இடம் தேடுகிறாரா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். மகள் இரண்டாம் ஆண்டு பி.யு.சி. முடிக்கிறாள், அவளுடைய காகிதங்கள் வீட்டில் இருக்கின்றன. இவை அவருடையவை. வயது 43. பி.ஏ. படிக்கப்போகிறார். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார். படிக்க வெட்கப்பட்டு அல்ல. இடம் கிடைக்காமல் போனால் லைனில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது என்பதுதான் அவர் கவலை.

லைன் என்பது சுரங்கத் தொழிலாளர் வீடுகளின் வரிசை. தங்கவயலில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குக் கே.ஜி.எஃப். என்றால் இப்போதெல்லாம் 2018இல் வந்த யாஷ் படம் நினைவுக்கு வருகிறது. தமிழர்களுக்குக் கூடுதலாக 2024இல் வந்த ‘தங்கலான்’. சினிமாவின் கே.ஜி.எஃப்.பில் துப்பாக்கிகள் அதிகம். நிஜமான கே.ஜி.எஃப்.பில் அதிகம் இருப்பவை ரயில் சீசன் டிக்கெட்டுகள்.

அப்படி ஆனது எப்படி என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே இறங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், கூட்டம் கூட்டமாக வந்து சுரங்கத்தில் இறங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசு. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் முடிந்தது. மீதமிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கையில் ஒரு தொகையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்தப் பிப்ரவரியில் பி.யு.சி. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களின் கதி என்ன என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. அப்பாவின் சம்பளம் நின்றது. ஊரில் வேறு பெரிய வேலை என்றால் 1964இல் தொடங்கிய பெமல் தொழிற்சாலைதான். அது எத்தனை பேரைத்தான் தாங்கும்? பிள்ளைகள் பெங்களூர் ரயிலில் ஏறினார்கள். தையல் ஆலைகள், காவலாளி வேலை, கடைகள், கூரியர் அலுவலகங்கள். ரயிலில் நான் பார்த்த பெண்ணும் பி.யு.சி. முதலாண்டோடு நிறுத்திவிட்டுப் போனவர்தான். தையல் மெஷினில் தொடங்கி, பிறகு ஸ்டோர் கணக்குக்கு வந்தார். அவர் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் பட்டம் வைத்திருந்ததால் அவருக்கு மேலே போனார்கள். இரண்டு முறை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது முறை மார்க்ஸ் கார்டைத் தேடி எடுத்தார்.

அவருக்கு இருந்த முதல் பயம் வயது. அது தேவையில்லாத பயம். பி.ஏ., பி.காம். படிப்புகளை அஞ்சல் வழியிலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ படிக்க உச்ச வயது கிடையாது. இங்கிலாந்தில் 21 வயதுக்கு மேல் இளநிலைப் படிப்பில் சேர்ந்தாலே ‘முதிர்ந்த மாணவர்’ என்று தனியாகக் கணக்கு வைக்கிறார்கள். நம் விண்ணப்பங்களில் அப்படி ஒரு கட்டமே இல்லை. 98 வயதில் பிகாரின் நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்தவர் இருக்கிறார், அது 2017இல்.

தொழிற்கல்வியில் கதை சற்று வேறு. அங்கே வயதுக் கதவு இருந்தது, ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டது. பார் கவுன்சில் 2008இல் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு 20, மூன்றாண்டுப் படிப்புக்கு 30 என்று உச்ச வயது வைத்தது. வழக்குகளால் விலக்கிக்கொண்ட அந்த விதியை 2016இல் மீண்டும் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தங்கவயலிலேயே கெங்கல் ஹனுமந்தையா சட்டக் கல்லூரி இருப்பதால் இந்த ஊருக்கு இது வெறும் டெல்லிச் செய்தி அல்ல. மருத்துவத்தில் 2017இல் நீட் தேர்வுக்கு 25 வயது வரம்பு (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30) வந்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2020இல், நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியின் பேரில் தேர்வெழுதிய ஒடிசாவின் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிட்டார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2022 ஜனவரியில் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவக் கலந்தாய்வுக்கு வந்தார். அவர் எடுக்கும் இடம் ஒரு ஏழைப் பிள்ளையின் இடம் என்று சொல்லப்பட்டதும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். எண்ணி வைத்த இடங்கள் உள்ள படிப்பில் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் தொலைநிலை பி.ஏ.வில் யாருடைய இடத்தையும் யாரும் பறிப்பதில்லை. அங்கே நாற்பது வயதுக்காரரைத் தடுக்க ஒரு தார்மீகக் காரணமும் கிடையாது. ஆனாலும் அவர் தடுக்கி விழுகிறார். எங்கே?

முதலில், பெயரில்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து உண்டு. பள்ளிச் சான்றிதழில் ‘எம். கனிமொழி’ என்று இருப்பவர், ஆதாரில் ‘கனிமொழி முனுசாமி’ ஆகிறார். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அட்டையில் கணவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. இது தமிழ்நாட்டுக்கும் உள்ள தொல்லை. தங்கவயலில் இதற்கு மேல் ஒரு மாடி கட்டியிருக்கிறார்கள். இன்றைய கன்னடத்தில் ‘ழ’ இல்லை. கன்னடப் பதிவேட்டில் கனிமொழி ‘கனிமொளி’ ஆகி, அதிலிருந்து ஆங்கில எழுத்துக்குப் போகும்போது வேறு ஒரு ஆளாகவே வெளியே வருகிறார். அப்பா பெயர் ஏழுமலையாக இருந்துவிட்டால் இரண்டு இடத்தில் தகராறு. தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரம் படித்த நாட்களில் ஓர் எழுத்து ஒருவரின் பட்டப்படிப்பை நிறுத்தி வைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

முன்பு கவுன்ட்டரில் இருக்கும் எழுத்தர் மனது வைத்தால் இந்த ஒற்றெழுத்து வித்தியாசங்கள் ஓடிவிடும். இப்போது எழுத்தர் இல்லை, கணினி இருக்கிறது. தொலைநிலைப் படிப்பிலோ ஆன்லைன் படிப்பிலோ சேர்கிற எவரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தளத்தில் ‘டெப் ஐடி’ என்ற எண்ணை எடுக்க வேண்டும் என்பது 2024 முதல் கட்டாயம். அதற்கு முன்னால் கல்வி மதிப்பெண் வங்கியின் எண் வேண்டும். அது ஆதாரோடு இணைந்தது. ஆதாரில் ஒன்று, மார்க்ஸ் கார்டில் ஒன்று என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வா என்கிறது திரை. போலிச் சேர்க்கையைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினெட்டு வயது மாணவரின் காகிதங்களுக்கு வயது மூன்று வருடம். நாற்பது வயதுக்காரரின் காகிதங்களுக்கு வயது இருபத்தைந்து. இரண்டையும் ஒரே சல்லடையில் போட்டால் எது தங்கும் என்று தங்கவயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ் இன்னொரு தலைவலி. படித்த பள்ளியே மூடிக் கிடந்தால் வட்டாரக் கல்வி அதிகாரி அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் போய்ச் சேர்ந்திருக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்கு வேலை நாளில்தான் போக வேண்டும். வேலை நாளில் இவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள்.

அடுத்தது மொழி. இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் நிறைய இருந்த காலம் ஒன்று உண்டு. அவற்றில் படித்தவர்கள்தான் இன்று நாற்பதில் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் ஆங்கிலவழியில் போட்டுவிட்டார்கள். பேச்சுக் கன்னடம் எல்லோருக்கும் வரும். ஆனால் பாடப்புத்தகத்தைத் தமிழில்தான் வேகமாகப் படிக்க முடியும் என்பவர்களுக்குக் கர்நாடகத்தில் வழி குறைவு. மைசூரில் உள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடத்துகிறது. தமிழில் நடத்துகிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. அதன் எல்லை தமிழ்நாடு. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துக்கு வெளியே மையம் வைக்கக் கூடாது என்று 2013இல் யு.ஜி.சி. கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே தங்கவயல் தமிழர் தமிழில் பட்டம் படிக்க வேண்டுமானால் வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஏதாவது ஒரு மையத்தை நம்பி எல்லை தாண்டிப் போய்த் தேர்வெழுத வேண்டும். பாட்டன்மார் சுரங்கத்துக்கு நடந்துவந்த அதே பாதை, எதிர்த்திசையில்.

இந்த எல்லைக் கோட்டை நான் ஒரேயடியாகத் திட்டமாட்டேன். அது வரக் காரணமான கூத்துகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரத்துப் பத்தையொட்டிய ஆண்டுகளில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேஜை நாற்காலியோடு, நான்கு மாநிலங்களின் பல்கலைக்கழகப் பெயர்ப் பலகைகளை ஒரே சுவரில் மாட்டிக்கொண்டு ‘படிப்பு மையம்’ நடத்தினார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஓர் இடத்தில் மூன்று வருடம் பணம் கட்டினார். தேர்வு நடந்தது, சான்றிதழும் வந்தது. வேலைக்குப் போன இடத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மையத்தைத் தேடிப் போனால் அங்கே ஜெராக்ஸ் கடை இருந்தது. அவர் அதன் பிறகு படிக்கவில்லை.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று 2015 ஜூனில் யு.ஜி.சி. பகிரங்கமாக அறிவித்தது, எல்லைக்கு வெளியே வெளியார் மூலம் மையங்கள் நடத்தியதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. ஒழுங்காக ஊரில் இருந்து படித்தவர்களும் சேர்த்து அடிபட்டார்கள். 2018இல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. தமிழ்ப் பட்டங்களுக்குப் பெயர்போன அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு ஒப்புதல் இல்லை என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. எச்சரித்தபோது தமிழ்நாட்டிலும் அதே கலக்கம். விண்ணப்பிக்கிறவர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தால் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு ஒப்புதல் என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பார்க்க வேண்டும். தையல் ஆலையிலிருந்து இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறவரிடம் இதைச் செய்யச் சொல்கிறோம்.

மூன்றாவது தடை ஏணியில் படிகள் விட்டுப்போனது. நம் பெண்மணியிடம் எஸ்.எஸ்.எல்.சி. இருக்கிறது, பி.யு.சி. இல்லை. ரயில் சிநேகிதிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் நேராக எம்.ஏ. சேர்ந்துவிடலாம் என்றாராம். அது பழைய கதை. பள்ளியை முடிக்காதவர்களுக்கும் நேரடியாக எம்.ஏ. கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இளநிலைப் பட்டம் இல்லாமல் வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லும் என்று ஆணை போட்டது.

இன்னொருவர் இக்னோ என்றார். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு இல்லாதவர்களுக்கு ஓர் ஆயத்தப் படிப்பு உண்டு. பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும். ஆறு மாதத்தில் அதை முடித்துவிட்டு அங்கேயே பி.ஏ. சேரலாம். எல்லைத் தகராறும் இல்லை, நாடு முழுக்க அதன் எல்லைதான். ஆனால் அந்த ஆயத்தப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் அல்ல. பட்டம் வந்த பிறகு ஒரு நாள் யாராவது நடுவில் உள்ள படியைக் கேட்பார்கள்.

இப்படி விட்டுப்போன படியைக் கட்டத்தான் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) இருக்கிறது. 1989இல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது உண்டு, உச்ச வயது கிடையாது. ஐந்து பாடங்கள். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது முறை தேர்வெழுதிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒரு பாடமாக முடித்தாலும் கேட்பாரில்லை. பத்தாம் வகுப்பே இல்லாதவர்கள் அதைத் தமிழ்வழியிலும் எழுதலாம். வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். விசித்திரம் என்னவென்றால் நான் கேட்ட பலருக்கு இது ஏதோ பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கானது என்றுதான் தெரிந்திருந்தது.

வேலையில் இருந்துகொண்டே படிப்பது தமிழுக்குப் புதிதல்ல. அஞ்சல் வழிக் கல்வியை 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் அதற்கு ஒரு வாசல் இருந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வுகள் வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வைத் தனியே படித்து எழுதலாம். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவர் உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். தனியே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் முதலாவதாக வந்தார். ஆசிரியராக இருந்துகொண்டே 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் டாக்டர் பட்டம். பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். மு. வரதராசனார்தான் அவர். தங்கவயலுக்கு ஆள் அனுப்பிய அதே வட ஆர்க்காட்டுக்காரர். இன்றைய கணினித் திரை முன்னால் அவரை உட்கார வைத்தால் எந்தக் கட்டத்தில் நின்றிருப்பார் என்று சில சமயம் யோசிக்கிறேன். முனைவர், மு.வ. என்ற இரண்டில் எது முதல் பெயர்?

தங்கவயலிலும் படிப்பு ஆசை இறக்குமதிச் சரக்கு அல்ல. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பிறகு, 1926இல் அப்பாதுரையாரால் இந்த ஊரிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை இங்கே அச்சடித்த நூல்களைத் தேடி இன்றும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். பூமிக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே நாள் முழுக்கப் பாறை உடைத்தவர்களின் ஊர், பத்திரிகை நடத்தியது.

உயர்கல்வி இந்த ஊருக்கு மேலிருந்து வந்ததைவிடக் கீழேதான் அதிகம் இறங்கியது. 1965இல் டாடா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் கருவி வைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளைக் கண்டார்கள். உலக இயற்பியலில் முதல் வரிசைச் செய்தி. அந்த ஆழத்துக்கு அன்றாடம் இறங்கி ஏறியவர்களின் வீட்டில் பட்டம் பெற்றவர் இருந்தால் அன்று அது லைனுக்கே பெருமை.

நேரடியாகக் கல்லூரிக்கே போய் உட்காரலாமே என்று கேட்கலாம். தங்கவயலில் முதல்நிலைக் கல்லூரிகள் உண்டு. கோலாரில் தலைமையிடம் கொண்ட பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகமும் 2017இலிருந்து இயங்குகிறது. 2024-25 முதல் கர்நாடகம் மீண்டும் மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பிவிட்டதால் ஒரு வருடம் மிச்சம். ஆனால் வகுப்பு நடக்கும் நேரத்தில் இவர்கள் ரயிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். பெங்களூரில் மாலை நேரக் கல்லூரிகள் இருக்கின்றன. வகுப்பு முடிந்து ஓடினால் ஊருக்குத் திரும்பும் ரயில் போயிருக்கும். மாலைக் கல்லூரி என்பது நகரத்தில் குடியிருப்பவருக்கான கருணை. தங்கவயலில் மாலையில், ரயில் வந்து சேர்ந்த பிறகு, ஒன்றரை மணி நேரம் திறந்திருக்கும் ஒரு படிப்பு மையம் இருந்தால் எவ்வளவோ பேர் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்தால்கூடப் போதும். அப்படி ஒன்றைக் கேட்டு யாராவது மனு எழுதினால் நான் மொழிபெயர்த்துத் தருகிறேன், மூன்று மொழியிலும்.

இதை எழுதுபவரும் தமிழ் எம்.ஏ.வை அஞ்சல் வழியில் முடித்தவர்தான். வேலைக்கு நடுவே பாடங்களைக் கட்டாகக் கட்டி வைத்துப் படித்ததில் சங்க இலக்கியம் பஸ்ஸிலும் இலக்கணம் மதியச் சாப்பாட்டு வேளையிலும் உள்ளே போயின. கஷ்டம் படிப்பில் இருக்கவில்லை. தேர்வு நாளன்று விடுப்புக் கேட்பதில் இருந்தது. எதற்கு விடுப்பு என்று மேலாளர் கேட்பார். பரீட்சை என்று சொன்னால் பிள்ளைக்கா என்பார்.

பிளாஸ்டிக் உறைக்காரப் பெண் அன்று பெங்களூரில் இக்னோவைப் பற்றி விசாரிக்கத்தான் கிளம்பியிருந்தார். விசாரித்துவிட்டுத் திரும்பிய பிறகு முடிவை மாற்றிக்கொண்டார். முதலில் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, பிறகுதான் பி.ஏ. இரண்டு வருடம் கூடும். ஆகட்டும், எப்படியும் இரண்டு வருடம் ஓடத்தானே போகிறது என்றார். மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்ட அன்றே, ராபர்ட்சன்பேட்டையில் அதே பிரவுசிங் சென்டரில், தன் பதிவையும் செய்யப் பார்த்திருக்கிறார். மகளின் விண்ணப்பம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. இவருடையது போகவில்லை. மார்க்ஸ் கார்டில் அப்பாவின் இனிஷியல் முன்னால் நிற்கிறது, ஆதாரில் பின்னால் வந்து கணவர் பெயராக மாறியிருக்கிறது, நடுவில் ஒரு ‘ழ’.

ஆதாரைத் திருத்த மனு கொடுத்திருக்கிறார். ரசீதும் அந்த உறையில்தான் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் என்ற இடத்தில், இந்த முறை, சொந்த வேலை என்று போடாமல் படிப்பு என்று போட்டாராம்.